கொரோலா ஹெட்டை வீட்டு முற்றத்தில் இறக்கி ஏற்றுவது எப்படி

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். உலைத்தண்ணீர் மாதிரிக் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், ஒயில் மூடியின் அடியில் பால்தேநீர் நிறத்தில் பசை ஒட்டியிருந்தால், ஹெட் கஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாரி காலத்துக் காலையில் வெள்ளைப் புகை வந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் அது வெறும் ஈரம், ஹெட்டில் கை வைக்காதீர்கள்.

என்னிடம் இருப்பது டொயோட்டா 5ஏ-எஃப்ஈ எஞ்சின்: 1498 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. வேறு எஞ்சின் என்றாலும் வேலையின் போக்கு இதுதான், ஆனால் அளவுகளை அந்த எஞ்சினின் ரிப்பேர் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும்.

முதல் தடவை நான் கஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினேன். ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. செங்கலடி தாண்டி மகாஓயாவை நெருங்கும்போது ஹீட் ஊசி சிவப்புக்கு ஏறிவிட்டது. பின் சீற்றில் இருந்த மாமி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், இரண்டும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் ஒருமுறை கொதித்த ஹெட் நேராகத்தான் இருக்கும் என்று நம்பவே கூடாது.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்த முற்றத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கல்லடிப் பக்கம் மணலோடு வருகிற காற்று, திறந்த எஞ்சினுக்குள் போனால் பிறகு யார் எடுப்பது? மறைவான இடம் வேண்டும், பழைய வேட்டித் துணி நிறைய வேண்டும், எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டுகிற டோர்க் ரென்ச் ஒன்று எப்படியாவது இரவல் வாங்க வேண்டும்.

சரி, கழற்றுவோம். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு போல்ட்டைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளையும். பற்றரி வயரைக் கழற்றி, கூலன்ட்டை இறக்கி, ஒவ்வொரு ஹோஸுக்கும் வயருக்கும் ஒட்டுத்துண்டில் எண் எழுதி, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் சிலிண்டரை மேலே கொண்டுவந்து டைமிங் குறிகளை (கிராங்கும் கேமும் ஒத்துச் சுற்றுவதற்கான அடையாளங்களை) சேர்த்த பிறகுதான் டைமிங் பெல்ட்டை எடுப்பது. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கிற தண்டுகளான கேம்களில் ஒன்றில் மட்டும் ஸ்பிரிங் வைத்த இரட்டைக் கியர் இருக்கும், அதை 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றால் பூட்டிவிட்டு, கேமை மேலிருந்து பிடிக்கிற கேப் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, கேம் சரியாமல் மட்டமாக எழும்பி வரும்படி தளர்த்துங்கள். அவசரப்பட்டால் கேம் சரிந்து, அது உட்காருகிற இடமே வெடித்துவிடும். ஹெட் போல்ட் பத்தையும் ஓரத்திலிருந்து நடுவுக்கு, இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

கழற்றிய வால்வு, ஸ்பிரிங், அதன்மேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட், பக்கெட்டின் மேல் வரும் வட்டத் தகடான ஷிம் எல்லாம் எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். அதற்கு முட்டைத் தட்டைவிட நல்ல சாமான் கடையிலும் கிடையாது. வால்வு லொக் என்கிற அந்தக் குட்டித் துண்டுகள் துள்ளி ஓடும், காந்தம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

இப்போது ஹெட்டைக் கவிழ்த்து, பழைய கஸ்கெட்டை மெதுவாகச் சுரண்டி எடுங்கள். கிரைண்டரில் சாண்ட் டிஸ்க் போட்டுத் தேய்க்காதீர்கள். அலுமினியம் பள்ளம் விழும், அந்தத் தூள் பெயரிங்கையும் தின்னும். பிறகு நேர்விளிம்பு ஒன்றை நீளத்துக்கும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகட்டை நுழைத்துப் பாருங்கள். எங்காவது நுழைந்தால் லேத்துக்குக் கொண்டுபோய் ஃபேஸ் பண்ண, அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்க வேண்டும். அப்படியே வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் போட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் வீட்டில் முடிகிற வேலை இல்லை, முயற்சியும் வேண்டாம். பிளாக்கின் மேல்முகத்தையும் அதே மாதிரி அளந்துவிடுங்கள்.

லேத்திலிருந்து வந்ததும் வால்வு தேய்ப்பது, எனக்கு இதில் பிடித்த வேலை. வால்வின் இருக்கையில் கிரைண்டிங் பேஸ்டைப் பொட்டுப்போல வைத்து, உறிஞ்சித் தடியைத் தலையில் ஒட்டி, மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்டுங்கள். இடையிடையே தூக்கித் திருப்பி வையுங்கள். இடைவெளி இல்லாமல் சாம்பல் நிற வளையம் வந்தால் போதும், அகலம் 1.0 முதல் 1.4 மில்லிமீட்டர். அதற்கு மேல் தேய்த்தால் இருக்கைதான் கெடும். பேஸ்ட் ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவுங்கள். வால்வை அதன் தண்டு ஓடுகிற குழாயான கைடுக்குள் ஆட்டிப் பாருங்கள், நன்றாக ஆடினால் கைடும் லேத்து வேலைதான். புதிய ஒயில் சீலில் இன்டேக் (காற்று உள்ளே வரும்) வால்வுக்கும் எக்ஸோஸ்ட் (புகை வெளியே போகும்) வால்வுக்கும் நிறம் வேறு, மாற்றிப் போடாதீர்கள். எல்லாம் பூட்டி முடிந்ததும் பிளக்கையும் போட்டு, எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் விடுங்கள். காற்றும் புகையும் போகிற வழியான போர்ட் பக்கம் கசிந்தால் அந்த வால்வுக்கு மறுபடியும் மத்து.

ஏற்றுவதற்கு முன் பிளாக்கில் உள்ள போல்ட் ஓட்டைகளைத் துணியாலும் காற்றாலும் நன்றாகக் காயவையுங்கள். அடியில் தண்ணீரோ ஒயிலோ தேங்கி நின்றால், போல்ட் இறுகும்போது அதற்குப் போக இடமில்லாமல் பிளாக்கையே வெடிக்க வைக்கும். கஸ்கெட்டுக்குச் சிலிக்கன் பூசாதீர்கள். போல்ட் இரண்டு நீளம்: இன்டேக் பக்கம் 90, எக்ஸோஸ்ட் பக்கம் 108 மில்லிமீட்டர். நூலில் கொஞ்சம் ஒயில் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுற்றுச் சுற்றாக 29 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு தலையிலும் பெயின்ற் புள்ளி வைத்து, அதே வரிசையில் 90 பாகை, அப்புறம் இன்னொரு 90. கைப்பலத்தை நம்பினால் மறுபடியும் மகாஓயாதான்.

வால்வு தேய்ந்து உள்ளே போயிருப்பதால் கேமுக்கும் ஷிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்திருக்கும், அதை அளந்து தேவையான ஷிம்மை மாற்றுங்கள். பெல்ட் பூட்டியதும் பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி சேர்கிறதா என்று பாருங்கள்.

ஒயிலும் ஃபில்டரும் புதிதாகப் போடுங்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், வாவிக்கரைக் கிணறுகளின் உப்பு அலுமினியத்தை அரித்துத் துளைபோடும்; கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும்தான். மூடி திறந்தபடி ஸ்டார்ட் பண்ணி, குமிழி அடங்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். ஃபேன் தானாகச் சுற்றி நிற்கும்வரை வண்டியை விட்டு நகராதீர்கள். முதலில் கொதித்ததற்குக் காரணம் ஃபேனா, தேர்மோஸ்டாட்டா, அடைத்த ரேடியேட்டரா என்று கண்டுபிடிக்காமல் தூரப் பயணம் போகவும் வேண்டாம்.