உதவி செய்யப் போய் ஊரைவிட்டுப் பிரிக்கலாமா? கனடாவின் வடக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் 1999-ல் பிறந்தான். குடும்பத்தின் ஊர், மனிடோபா மாகாணத்தின் வடக்கே இருக்கும் நார்வே ஹவுஸ் கிரீ நேஷன் என்ற பூர்வகுடி ஊர். பிறக்கும்போதே உடலில் பல சிக்கல்கள் இருந்ததால் வினிபெக் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வயதானபோது, இனி இவனை ஒரு வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவை யார் கொடுப்பது? மத்திய அரசு மாகாணத்தைக் கைகாட்டியது, மாகாணம் மத்திய அரசைக் கைகாட்டியது. பூர்வகுடிக் குழந்தையாக இல்லாதிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இழுபறி இரண்டு வருஷத்துக்கு மேல் நீண்டது. 2005-ல், ஐந்து வயதில், ஒருநாள்கூடத் தன் வீட்டில் தூங்காமல் ஜோர்டன் மருத்துவமனையிலேயே இறந்துபோனான்.

வடக்குக் கனடாவில் நர்ஸாகவோ ஆசிரியராகவோ சமூகப் பணியாளராகவோ வேலைக்குப் போக நினைக்கிற யாரும் இந்தக் குழந்தையின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்யப்படும் உதவியில் நேரும் தவறுகளில் பல, ஒருவரை அவருடைய வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்து யோசிப்பதில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு, உரிமையைச் சலுகை என்று நினைப்பது. ஜோர்டன் இறந்த பிறகு, 2007 டிசம்பரில், கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை 'ஜோர்டன் கொள்கை'யை ஒருமனதாக ஏற்றது. குழந்தைக்குத் தேவையானதை முதலில் கொடு, பணம் யாருடையது என்ற பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். ஆனால் நடைமுறையில் அதை மிகக் குறுகலாக வைத்திருந்தார்கள். பூர்வகுடிக் குழந்தைகளுக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டாக் தலைமையிலான அமைப்பும், ஜோர்டனின் மக்களான கிரீ போன்ற பூர்வகுடிகள் அடங்கிய முதற்குடிகள் பேரவையும் சேர்ந்து தொடுத்த வழக்கில், கனடா மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016 ஜனவரியில் இது பாகுபாடு என்றே தீர்ப்புச் சொன்னது. அவசரமான கோரிக்கைக்கு 12 மணி நேரத்திலும், அவசரமில்லாத தனிக் கோரிக்கைக்கு 48 மணி நேரத்திலும் முடிவெடுக்க வேண்டும் என்று 2017-ல் காலக்கெடுவும் வந்தது. அந்தக் கெடு பல நேரம் காப்பாற்றப்படுவதில்லை. கோரிக்கைகள் மலைபோலத் தேங்கின. அதனால் விண்ணப்பம் எழுதித் தருகிறவர் "தயவுசெய்து உதவுங்கள்" என்று கெஞ்சும் தொனியில் எழுத வேண்டாம். குழந்தைக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும், தாமதமானால் என்ன ஆகும் என்று நேராக எழுதுங்கள். அவசரம் என்றால் அந்த வார்த்தையையே போடுங்கள்.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது: "தெற்கே அனுப்பிவிடலாம்" என்று சட்டென்று முடிவெடுப்பது. கனடாவின் வடகோடியில், மக்களில் பெரும்பாலோர் இனுயிட் என்ற ஆர்க்டிக் பூர்வகுடியினராக இருக்கும் பிரதேசம் நுனாவுட். அதன் பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. ஒரே மருத்துவமனை தலைநகர் இக்கலுயிட்டில் இருக்கிறது. மற்ற ஊர்களில் நர்ஸ்கள் நடத்தும் சுகாதார நிலையங்கள்தான். எனவே பெரிய சிகிச்சை என்றால் ஒட்டாவாவுக்கோ வினிபெக்குக்கோ எட்மண்டனுக்கோ விமானம் ஏறத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் "தெற்கே" என்ற சொல் அங்கே ஒரு முதியவர் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள். 1950-களில் சி.டி.ஹவ் என்ற கப்பல் கோடைதோறும் கரையோர ஊர்களுக்கு வரும். கப்பலிலேயே எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் என்று தெரிந்தால் பலரைக் கரையிறங்கி வீட்டாரிடம் சொல்லிவிட்டு வரக்கூட விடாமல் அப்படியே கொண்டுபோனார்கள். 1956-ல் இனுயிட் மக்களில் ஏழு பேரில் ஒருவர் தெற்கே ஏதோ ஒரு காசநோய் மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வராதவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்றே பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. 2019-ல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது.

எனவே ஒருவரை அனுப்பும் முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். கூட யார் போகிறார்கள்? அங்கே இனுயிட் மொழியான இனுக்டிடுட் பேசுகிற ஆள் இருக்கிறாரா? எப்போது திரும்புவார்? சிகிச்சை முடிந்த பிறகு ஊரில் அவரைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பலர் வருஷக்கணக்கில் தெற்கிலேயே தங்கிப்போகிறார்கள். சீல் இறைச்சியும் தன் மொழியும் இல்லாத ஓர் அறையில் மறதி நோயோடு ஒரு பாட்டி இருப்பதை நல்ல பராமரிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லாப் பூர்வகுடிகளையும் ஒன்றாகக் கட்டுவதும் தவறு. முதற்குடியினர், இனுயிட், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மெட்டிஸ் மூன்றும் வேறு வேறு. இனுயிட் மக்கள், முதற்குடியினருக்கென்று அரசு ஒதுக்கிய 'ரிசர்வ்' நிலங்களில் வாழ்பவர்கள் அல்ல. அவர்களுடைய குழந்தைகளுக்கு ஜோர்டன் கொள்கைக்குப் பதிலாகத் தனித் திட்டம் இருக்கிறது. தப்பான படிவம் நிரப்பினால் வாரங்கள் வீணாகும். நாம் பள்ளியில் படித்த 'எஸ்கிமோ' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல.

அடுத்து, குறையை உடலில் மட்டும் தேடுவது. வடமேற்கு ஒன்டாரியோவில் கிராஸி நாரோஸ் என்ற முதற்குடியினர் ஊர் இருக்கிறது. டிரைடன் நகரத்துக் காகித ஆலை ஒன்று 1962 முதல் 1970 வரை சுமார் 9,000 கிலோ பாதரசத்தை ஆற்றில் விட்டது. மீனில் ஏறிய விஷம் மனிதருக்குள் போனது. கை கால் மரத்துப்போவது, நடுக்கம், நடை தள்ளாடுவது, பார்வை குறுகுவது என்று வந்தது. ஜப்பானின் மினமாட்டாவில் இதே நோயை ஆராய்ந்த டாக்டர் மசசுமி ஹராடா 1975-லேயே வந்து பார்த்தார். மீன்பிடித் தொழிலும் மூடப்பட்டது. அதாவது உடம்பு, வேலை, சாப்பாடு மூன்றும் ஒரே சமயத்தில் போயின. 1986-ல் இழப்பீட்டு வாரியம் அமைந்தது. அங்கே ஒவ்வொருவரும் தன் நடுக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. பலருடைய மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. இப்படிப்பட்ட ஊருக்குப் போய், தனி மனிதருக்கு ஒரு நோய்ப்பெயரும் ஒரு மாத்திரையும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று வந்துவிட முடியாது. ஆறு சுத்தமாவதும், அங்கேயே ஒரு பராமரிப்பு இல்லம் எழுவதும் சிகிச்சையில் சேர்ந்தவைதான். அந்த இல்லத்துக்காக அந்த ஊர் மக்கள் பல வருஷம் போராடி, 2020-ல் மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

சக்கர நாற்காலி பற்றியும் ஒரு வார்த்தை. உறைந்த மண்ணின் மேல் கட்டுவதால் ஆர்க்டிக் வீடுகள் தூண்களில் உயர்ந்து நிற்கும். வாசலுக்கே படியேற வேண்டும். தெருவில் சரளைக் கல், இல்லாவிட்டால் பனி. நகரத்து வழவழப்பான தரைக்குச் செய்த நாற்காலி அங்கே மூலையில்தான் கிடக்கும். சரிவுப் பாதையையும் தடிமனான டயரையும் பழுதுபார்க்க ஆளையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு உதிரிப்பாகம்கூட விமானத்தில்தான் வர வேண்டும்.

ஊர் நலத்துக்கென்று நடக்கும் முகாம்களில் மாற்றுத்திறனாளிகள் விடுபட்டுப்போவதும் நடக்கிறது. பாஃபின் தீவின் கிளைட் ரிவரில் இலிசக்சிவிக் என்ற அமைப்பு, இனுயிட் ஆலோசகர்களைத் தானே பயிற்றுவித்து, பெரியவர்களோடு வெளியே நிலத்துக்குப் போய்த் தங்குவதையே மனக்காயத்துக்கு மருந்தாக நடத்துகிறது. அருமையான வழி. இப்படி ஒரு முகாம் போடும்போது, நடக்க முடியாதவருக்குப் பனிவண்டியில் முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். காது கேளாதவர் வந்தால் அமெரிக்கச் சைகை மொழி தெரிந்த ஒருவரை அழைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நுனாவுட்டில் இனுயிட் சைகை மொழி என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. என்ன தேவை என்று கேட்க, மாற்றுத்திறனாளிகளுக்காகவே இக்கலுயிட்டில் இயங்கும் மக்கினசுவாக்டுட் சங்கம் இருக்கிறது.

கடைசியாக, பதினெட்டாம் வயதை மறந்துவிடுவது. ஜோர்டன் கொள்கையும் இனுயிட் குழந்தைகளுக்கான தனித் திட்டமும் குழந்தைகளுக்கு மட்டும். மனிடோபா, ஒன்டாரியோவில் 18 வயதும் நுனாவுட்டில் 19 வயதும் முடிவெல்லை. நேற்றுவரை வந்த உதவியாளரும் பயிற்சியும் பிறந்தநாளோடு நின்றுவிடக்கூடும். பிள்ளைக்குப் பதினாறு ஆனதுமே பெற்றோரோடும் ஊர்க் கவுன்சிலோடும் உட்கார்ந்து, பெரியவர்களுக்கான எந்தத் திட்டத்தில் எது கிடைக்கும், எதற்கு ஊரே பணம் தேட வேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். அந்தப் பேச்சில் அந்தப் பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும்.