கழுவிவிட்டேனே, அப்புறம் ஏன் நாற்று சுருள்கிறது?

புதிதாகப் பூ நாற்று விடத் தொடங்கிய ஒருவர் போன மாதம் கழுவிய தென்னை நார்க்கழிவில் விதைத்த தன் பெட்டூனியா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். நடுக்குருத்து சுருங்கியிருந்தது, இளம் இலைகளின் ஓரம் கருகியிருந்தது, ஆனால் கீழ் இலைகள் பச்சைப்பசேலென்று இருந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது, அவர் மேல் அல்ல. இதே தட்டை நானும் ஒரு காலத்தில் வளர்த்திருக்கிறேன்.

நாற்றுக் கலவையில் போடும் பீட் மாஸ் (மக்கிய பாசி) சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுப்பது, வருடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் அங்கே மீண்டும் சேரும், அதனால் அது வேண்டாம் என்று தென்னை நார்க்கழிவுக்கும் உமிக்கரிக்கும் மாறுகிறோம். நல்லதுதான். மாறும்போது செய்கிற தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். ஓட்டை இல்லாத தட்டு, தண்ணீர் விட மறந்தது எல்லாம் ஒருமுறை நடந்தாலே புத்தி வந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கழுவினால் போதும் என்று நினைப்பது

அப்போது நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து மூன்று முறை அலசினேன். வடிந்த தண்ணீரில் இசி மீட்டரை (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைத்தால் 0.4 காட்டியது. உப்பு போய்விட்டது என்று ஒரே பெருமை. 98 குழித் தட்டு பன்னிரண்டில் விதைத்தேன். முளைப்பும் அருமை. இரண்டாவது ஜோடி இலை வரும்போதுதான் குருத்து சுருங்க ஆரம்பித்தது. பூஞ்சை என்று மருந்து அடித்தேன். பூச்சி என்று வேப்பெண்ணெய் அடித்தேன். கடைசியில் பசி என்று முடிவுகட்டி தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை இரட்டிப்பாக்கினேன், அதுதான் உச்சம். அந்த உரத்தில் கால்சியம் துளிகூடக் கிடையாது, அதிலுள்ள சாம்பல்சத்தோ, அதாவது பொட்டாசியமோ, வேர் கால்சியத்தை எடுப்பதற்கு இன்னும் போட்டியாக நிற்கும். பன்னிரண்டு தட்டும் குப்பைக் குழிக்குப் போயின.

நடப்பது இதுதான். நார்க்கழிவை நெரிசலான பேருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். சோடியமும் பொட்டாசியமும் சீட்டில் உட்கார்ந்திருக்கும், மிச்சம் படிக்கட்டில் தொங்கும். வெறும் தண்ணீரில் கழுவினால் தொங்குபவை மட்டும் இறங்கும், மீட்டர் காட்டுவதும் அவற்றைத்தான். உட்கார்ந்திருப்பவை அசையாது. பிறகு நாம் உரத்தில் கால்சியமும் மக்னீசியமும் கொடுத்தால் அவை அந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வேருக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். நாற்றுக்குக் கால்சியம் கிடைக்காது, உப்பு மட்டும் கிடைக்கும். கட்டியின் உறையில் 'கழுவியது' என்று போட்டிருந்தாலும் இதே கதைதான், கால்சியம் ஏற்றிப் பதப்படுத்தியதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இப்போது நான் 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, கட்டி முழுவதும் நனையும்படி ஒரு நாள் ஊறவைக்கிறேன். அப்புறம் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, மீட்டர் இறங்கிய பிறகுதான் விதை. வடிந்த தண்ணீரில் நைட்ரேட்டும் சோடியமும் இருக்கும், ஓடையில் ஊற்றாதீர்கள். சூழலுக்காகத்தானே பீட்டை விட்டோம்.

வந்தவரின் தட்டுக்கு லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட் ஊற்றச் சொன்னேன். இனி வரும் இலைகள் தேறலாம். கருகியவை கருகியவைதான், பழைய இலையிலிருந்து கால்சியம் நகராது.

மண்புழு உரத்தை அள்ளிப் போடுவது

நாற்றுக் கலவையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

பச்சை மரத்தூள்

மக்காத மரத்தூளைத் தின்னும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகும். மக்கவையுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

உமிக்கரியை அலசாமல் கலப்பது

சாம்பல் ஒட்டிய உமிக்கரி காரத்தன்மையை ஏற்றிவிடும். செண்டுமல்லி ஓரளவு சமாளிக்கும். பெட்டூனியாவுக்குக் கார அமில அளவு (pH) 6.5ஐத் தாண்டினாலே இரும்புச்சத்து எட்டாமல் போய், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாக நிற்கும். மேல் இலை மஞ்சளா கீழ் இலை மஞ்சளா என்று பார்க்காமல் உரத்தைத் தூக்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மேலே காய்ந்திருக்கிறது என்று தண்ணீர் விடுவது

நார்க்கழிவின் மேல்பரப்பு வெளுத்து, காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே விரலை விட்டால் சொதசொதவென்று இருக்கும். பெட்டூனியா விதை கிராமுக்குச் சுமார் 10,000 இருக்கும், மூடாமல் மேலேயே தூவுவது, அதனால் முளைக்கும்வரை மேல்பரப்பு ஈரமாக இருக்கத்தான் வேண்டும், தெளிப்பானால் மெல்லப் பனி மாதிரி அடித்தால் போதும். முளைத்த பிறகும் அதே பழக்கம் தொடர்ந்தால் நாற்றழுகல் வரும், கூடவே சின்னக் கருப்பு ஈக்கள் வரும். தண்ணீர் விட்ட உடனே ஒருமுறை தட்டைத் தூக்கிப் பாருங்கள், பாதி காய்ந்ததும் இன்னொரு முறை தூக்கிப் பாருங்கள். இரண்டு நாளில் கைக்கு எடை பிடிபட்டுவிடும்.