வேர்ட்பிரஸ் தளத்தின் முகவரியை டெர்மினலில் மாற்றுவது எப்படி?

ஹெச்டிடிபியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேர்ட்பிரஸ் தளத்தை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றிக் கொடுத்த கையோடு இதை எழுதுகிறேன். டேட்டாபேஸில் பழைய முகவரி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் புதியதைப் போட வேண்டும், வேலை அவ்வளவுதான். அதற்கு, வேர்ட்பிரஸை டெர்மினலிலிருந்து கட்டளை கொடுத்து இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐதான் சரியான கருவி என்பது என் கட்சி. டேட்டாபேஸை பிரவுசரில் திறக்கும் பிஹெச்பிமைஅட்மினில் உட்கார்ந்து, டேட்டாபேஸுக்கான மொழியான எஸ்க்யூஎல் எழுதுவது ஏன் ஆபத்து என்று கீழே சொல்கிறேன்.

எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் நுழையவும் ஃபோல்டர் மாறவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கருவி இருக்கிறதா?

`டபிள்யூபி --இன்ஃபோ`

பல ஹோஸ்டிங்குகளில் இது முன்பே இருக்கும். இல்லையென்றால் டபிள்யூபி-சிஎல்ஐயின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஃபார் ஃபைலை (ஒரே ஃபைலாகக் கட்டிய பிஹெச்பி நிரல்) இறக்கி, சிஹெச்மாட் கொண்டு இயக்கும் உரிமை கொடுத்து, `/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்` ஃபோல்டருக்குள் டபிள்யூபி என்ற பெயரில் வையுங்கள். இன்ஃபோ காட்டும் பிஹெச்பி பதிப்பையும் ஒரு பார்வை பாருங்கள். தளம் ஒரு பதிப்பிலும் டெர்மினல் வேறு பதிப்பிலும் ஓடுவது சகஜம். புரியாத பிழைகள் வந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம், வேர்ட்பிரஸ் இருக்கும் ஃபோல்டருக்குள் போய்விட்டுத்தான் எந்தக் கட்டளையையும் கொடுக்க வேண்டும். வெளியே நின்று கொடுத்தால் ‘இது வேர்ட்பிரஸ் நிறுவல் போலத் தெரியவில்லை’ என்ற பொருளில் ஒரு பிழை வரும். சர்வரில் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக நுழைந்திருந்தால் ‘யைக்ஸ்!’ என்று ஒரு அலறல் வரும். அதை அடக்க `--அலோ-ரூட்` என்று ஒரு வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள். தளத்தில் இருக்கும் ஏதோ ஒரு பிளகினின் நிரலுக்கு மொத்த சர்வரின் சாவியையும் கொடுப்பதாகிவிடும். ஃபைல்கள் எந்தப் பயனரின் பெயரில் இருக்கின்றனவோ, சூடோ மூலம் அந்தப் பயனராக ஓட்டுங்கள்.

நகல்

`டபிள்யூபி டிபி எக்ஸ்போர்ட் ~/முன்பு.எஸ்க்யூஎல்`

அந்த அலைக்கோடும் சாய்கோடும் முக்கியம், அவை உங்கள் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும். ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தாலோ, பெயரே கொடுக்காவிட்டாலோ, நகல் நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே விழும். அது பெரும்பாலும் தளத்தின் பொது ஃபோல்டர். பெயரை ஊகித்து யாராவது பிரவுசரில் அடித்தால் மொத்த டேட்டாபேஸும் இறங்கிவிடும். காரியம் கெட்டுப்போனால் எக்ஸ்போர்ட் என்பதற்குப் பதில் இம்போர்ட் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

மாற்றும் இடம்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இதுதான். விட்ஜெட், தீம் அமைப்பு போன்றவற்றை வேர்ட்பிரஸ் சும்மா எழுத்தாக வைப்பதில்லை. பிஹெச்பியின் சீரியலைஸ் வடிவத்தில் வைக்கிறது. அதில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் நீளமும் எழுதப்பட்டிருக்கும். `ஹெச்டிடிபி://எக்ஸாம்பிள்.காம்` என்ற முகவரியை ஆங்கிலத்தில் எழுதினால் 18 எழுத்து, ஆகவே முன்னால் 18 என்று இருக்கும். நேரடி எஸ்க்யூஎல் மூலம் ஒரு ‘எஸ்’ சேர்த்தால் முகவரி 19 ஆகிவிடும். எண் மட்டும் 18ஆகவே நிற்கும். கணக்கு உதைத்ததும் பிஹெச்பி அந்தத் தொகுப்பையே படிக்க மறுத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் திரையில் வராமலே விட்ஜெட்டுகள் காணாமல் போயிருக்கும்.

இங்கே நீளம் என்பது பைட் கணக்கு. ‘அம்மா’ கண்ணுக்கு மூன்று எழுத்துதான், யூடிஎஃப்-8இல் 15 பைட். தமிழில் விட்ஜெட் தலைப்பு வைத்திருப்பவர்கள் எண்ணைக் கையால் திருத்திவிடலாம் என்று இறங்க வேண்டாம்.

டபிள்யூபி-சிஎல்ஐ அந்தத் தொகுப்பைப் பிரித்து, மாற்றி, நீளத்தைச் சரிசெய்து திரும்பக் கட்டிவைக்கிறது. முதலில் ஒத்திகை:

`டபிள்யூபி சர்ச்-ரீப்ளேஸ் 'ஹெச்டிடிபி://எக்ஸாம்பிள்.காம்' 'ஹெச்டிடிபிஎஸ்://எக்ஸாம்பிள்.காம்' --ஸ்கிப்-காலம்ஸ்=ஜியுஐடி --ரிப்போர்ட்-சேஞ்ச்டு-ஒன்லி --ட்ரை-ரன்`

ட்ரை-ரன் இருக்கும்வரை எதுவும் மாறாது. எந்த டேபிளில், எந்த நெடுவரிசையில், எத்தனை இடம் மாறும் என்று ஒரு பட்டியல் மட்டும் வரும். பட்டியலின் கடைசி நெடுவரிசையில் எஸ்க்யூஎல் அல்லது பிஹெச்பி என்று இருக்கும். பிஹெச்பி என்று இருப்பவைதான் மேலே சொன்ன சீரியலைஸ் சமாச்சாரம். ஆப்ஷன்ஸ் டேபிளுக்கு எதிரே அதைப் பார்த்தால் நிம்மதியாகத் தொடரலாம்.

ஜியுஐடியை ஏன் விட வேண்டும்? அது பதிவின் அடையாளம். ஃபீட் படிக்கும் மென்பொருள்கள் அதை வைத்துத்தான் பழைய பதிவா புதிய பதிவா என்று பார்க்கின்றன. அதை மாற்றினால் பழைய பதிவுகள் எல்லாம் சந்தாதாரர்களிடம் புதிதாகப் போய் நிற்கும்.

பட்டியல் திருப்தியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி, அதே கட்டளையில் ட்ரை-ரன்னை மட்டும் அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள். புதிதாக அடிக்காதீர்கள். பெரிய டேட்டாபேஸ் என்றால் டிமக்ஸுக்குள் ஓட்டுவது நல்லது, பாதியில் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. ஹோஸ்டிங் பேனலுக்குள் பிரவுசரில் திறக்கும் டெர்மினலை இந்த மாதிரி வேலைக்கு நான் நம்புவதில்லை.

முடிந்ததும் `டபிள்யூபி கேஷ் ஃபிளஷ்`. பக்கங்களைச் சேமித்துவைக்கும் கேஷ் பிளகின் இருந்தால் அதையும் தனியாகக் காலி செய்யுங்கள்.

வெறும் எக்ஸாம்பிள்.காம் என்பதை மூன்று டபிள்யூ சேர்ந்த முகவரியாக மாற்றுகிறவர்கள் கவனம்: கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால் டபிள்யூக்கள் ஆறாகிவிடும். முன்னால் உள்ள ஹெச்டிடிபியோடு சேர்த்தே தேடினால் இந்தத் தொல்லை இல்லை.

பின்சேர்க்கை

‘இரண்டு பிளகின்களின் பக்கங்களில் பழைய முகவரி அப்படியே இருக்கிறது’ என்று படித்தவர்கள் சொன்னார்கள். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சில பிளகின்கள் தங்களுக்கென்று டேபிள் வைத்துக்கொள்ளும், அவற்றை வேர்ட்பிரஸிடம் பதிவு செய்திருக்காது. `--ஆல்-டேபிள்ஸ்-வித்-ப்ரிஃபிக்ஸ்` சேர்த்தால் அவையும் உள்ளே வரும். பக்கங்களை இழுத்துப்போட்டு அமைக்க உதவும் பேஜ் பில்டர்கள் கதை வேறு. அவற்றில் சில ஜேசன் வடிவத்தில் சேமிப்பதால், முகவரியின் ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு இருக்கும். இப்படி:

`'ஹெச்டிடிபி:\/\/எக்ஸாம்பிள்.காம்'`

தேடும் முகவரி, மாற்றும் முகவரி இரண்டையும் இதே போல எழுதி இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள், மேற்கோளே இல்லாவிட்டால் பின்சாய்கோட்டை ஷெல் விழுங்கிவிடும்.

இன்னொருவருக்குத் தளம் வெள்ளைத் திரையாகி, டபிள்யூபி கட்டளையும் ஓடவில்லை. பெரும்பாலான கட்டளைகளுக்கு இந்தக் கருவி வேர்ட்பிரஸை முழுதாக ஏற்றித்தான் வேலை செய்கிறது. உடைந்த பிளகின் இதையும் சேர்த்துக் கவிழ்க்கும். அப்போது:

`டபிள்யூபி பிளகின் டீஆக்டிவேட் பிளகின்-பெயர் --ஸ்கிப்-பிளகின்ஸ் --ஸ்கிப்-தீம்ஸ்`

பெயர் தெரியாவிட்டால் டீஆக்டிவேட்டும் பிளகின் பெயரும் இருக்கும் இடத்தில் லிஸ்ட் என்று போட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு சொற்களும் அங்கேயும் வேண்டும்.