துகேலா அருவி: டர்பனிலிருந்து முதல் முறை போகிறவர்களுக்கு

வட கடற்கரைப் பாலத்தில் துகேலா ஆற்றை நம்மில் பலர் எத்தனையோ முறை காரில் கடந்திருப்போம். அங்கே அது அகலமாக, மண் நிறத்தில், மெதுவாகப் போகும். அதே ஆறு தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையுச்சியில் மோண்ட்-ஓ-சூர்ஸ் சிகரத்தின் பக்கம் பிறந்து, கொஞ்ச தூரத்திலேயே மலை விளிம்புக்கு வந்து, ஐந்து கட்டமாக 948 மீட்டர் கீழே விழுகிறது. அதில் ஒரு கட்டத்தின் உயரமே 411 மீட்டர். வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவி 979 மீட்டர் என்பதால் துகேலாவுக்கு உலகில் இரண்டாவது இடம் என்று சொல்லி வந்தார்கள். 2016இல் ஒரு செக் நாட்டுக் குழு அளந்து 983 மீட்டர் என்று சொன்னதிலிருந்து முதலிடம் யாருக்கு என்பதில் பேச்சு ஓயவில்லை. நம் வீட்டிலிருந்து காரில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் இப்படி ஓர் அருவி இருக்கிறது. இன்னும் போகாதவர்கள் இந்த வருடமே போய்விட வேண்டும் என்பது என் ஆசை.

முதல் படி: மேலேயா, கீழேயா?

தேதி, அறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடிவு செய்யுங்கள். அருவியின் தலைக்குப் போகும் வழி வேறு, அடிவாரத்துக்குப் போகும் வழி வேறு. நுழையும் மாகாணம்கூட வேறு. அடிவாரம் குவாசூலு-நட்டாலில், ராயல் நட்டால் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மேலே ஏற வேண்டுமானால் ஃப்ரீ ஸ்டேட் பக்கம் சுற்றி, பூத்தடிஜாபா ஊர் வழியாகச் சென்டினல் கார் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாது.

குடும்பத்தோடு முதல் முறை போகிறவர்கள் கீழ் வழியையே எடுங்கள். இணையத்தில் எல்லோரும் உச்சியில் நின்று எடுத்த படங்களைப் போடுவதால், மேலே போகாவிட்டால் அருவியைப் பார்த்ததாகவே ஆகாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் உச்சியில் நிற்கும்போது காலடியில் ஒரு சின்ன ஓடைதான் தெரியும். அது விளிம்பைத் தாண்டி மறைந்துவிடும். அருவியை அருவியாகப் பார்க்க வேண்டுமென்றால் கீழே நின்று நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். தாத்தா, ஆயா, பேரப்பிள்ளைகள் மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்க்கக்கூடிய இடமும் அதுதான்.

இரண்டாம் படி: மாதம்

இது மழையை நம்பி ஓடும் அருவி. நம் மாதக் கணக்கிலேயே சொல்கிறேன். மார்கழி, தையில் தண்ணீர் நிறைய இருக்கும்; ஆனால் மதியம் ஆனால் இடியும் மின்னலும் மலையைப் பிடித்துக்கொள்ளும். ஆடியில் வானம் கண்ணாடியாக இருக்கும், குளிர் எலும்பைத் தொடும், சில நாள் பனி கொட்டும், அருவியோ மெலிந்துவிடும். புரட்டாசியில் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வரவும் வாய்ப்பு உண்டு.

பங்குனி கடைசியும் சித்திரையும்தான் என் கணக்கில் சரியான காலம். மழை குறைந்திருக்கும், ஆற்றில் நீர் மிச்சம் இருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். ஈஸ்டர் விடுமுறை நமக்கு மாரியம்மன் கோயில் விழாவோடு போய்விடும். அதற்குப் பிறகு ஏப்ரல் 27, மே 1 என்று இரண்டு விடுமுறைகள் அடுத்தடுத்து வருகின்றன. அந்த நாட்களில் கூட்டம் இருக்கும் என்பதால் அறையைச் சில மாதங்கள் முன்பே பிடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: தங்கும் இடம்

காலையில் கிளம்பி இரவே திரும்பும் திட்டம் வேண்டாம். போக வர ஆறேழு மணி நேரம் காரில், நடுவில் ஐந்தாறு மணி நேரம் நடை. திரும்பும்போது N3 சாலையில் இருட்டில் லாரிகளுக்கு நடுவே தூக்கக் கலக்கத்தோடு ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் மேகம் மூடினாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

பூங்காவுக்குள் தெண்டேலே முகாமில் சமையலறையோடு கூடிய சிறு வீடுகள் கிடைக்கும். மாகாணத்தின் இயற்கைப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் எசெம்வேலோ நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். கூடாரம் போடுகிறவர்களுக்கு மஹாய் முகாம் இருக்கிறது. வயதானவர்கள் உடன் வந்தால் தெண்டேலேதான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே எதிரில் ஆம்ஃபிதியேட்டர் என்கிற மலைச்சுவர், சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து நிற்கும். வலது ஓரத்தில் சென்டினல் சிகரம், இடது ஓரத்தில் கிழக்கு பட்ரஸ் என்கிற பாறை முகடு. இரண்டுக்கும் நடுவே சுவரின் மேல் விளிம்பில் கண்ணை மெல்ல ஓட்டுங்கள். மழை பெய்து ஓய்ந்த காலையில் ஒரு வெள்ளை நூல் தெரியும். முதலில் அசையாதது போலத்தான் இருக்கும். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், நீர் இறங்குவதும் காற்று அதை ஒரு பக்கமாக ஒதுக்குவதும் தெரிய வரும். ஆயாவிடம் ஒரு பைனாகுலரைக் கொடுத்துவிடுங்கள்.

பபூன் குரங்குகள் நடமாடும் இடம். வெளியே போகும்போது ஜன்னல் கதவைச் சாத்தாமல் போனால் சாப்பாடு போய்விடும்.

நான்காம் படி: சாலை

N3 பிடித்து பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூயி ரிவர் தாண்டி, பிறகு விண்டர்டன், பெர்க்வில் வழியாகப் போக வேண்டும். பெர்க்வில்லில் பெட்ரோலும் மளிகையும் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் சாலையில் குழிகளும் மாடுகளும் இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். பெர்க்வில் பக்கத்தில்தான் வுட்ஸ்டாக் அணை. துகேலாவின் நீரை இங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் ஸ்டெர்க்ஃபோன்டைன் அணைக்கு ஏற்றி, கவுட்டெங் மாகாணத்துக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல இடம்.

ஐந்தாம் படி: நடக்கும் நாள்

துகேலா பள்ளத்தாக்கு நடை போக வர சுமார் 14 கிலோமீட்டர். பெரும்பகுதி ஏற்ற இறக்கம் குறைந்த பாதை. இடையிடையே மரநிழலும் உண்டு. கடைசிப் பகுதியில்தான் ஆற்றுப் பாறைகள் மேல் தாவியும் நீரில் இறங்கியும் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதற்கு முன்பே உட்கார்ந்துவிடலாம், மலைச்சுவர் அங்கிருந்தும் நன்றாகவே தெரியும். மேலே மழை பெய்தால் ஆறு சட்டென்று ஏறும். நீர் கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ யோசிக்காமல் திரும்புங்கள்.

காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். கிளம்பும் முன் மலைப் பதிவேட்டில் பெயர், வழி, திரும்பும் நேரம் எல்லாம் எழுத வேண்டும். ஏதாவது ஆனால் தேடி வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டும், அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம்.

பழகிய காலணி, மழைச்சட்டை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்குப் புளிச்சோறோ உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டியோ போதும். மதியம் வரை கெடாது, கையிலேயே சாப்பிடலாம். பிரியாணி அண்டாவும் பிராய் (நெருப்பில் சுடும்) சாமானும் முகாமிலேயே இருக்கட்டும். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். இந்த மலைத்தொடரின் பூங்கா 2000இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மேலேதான் போவேன் என்கிறவர்களுக்கு

உடம்பு தாங்கும், உயரத்துக்குப் பயமில்லை என்றால் சரி, போய் வாருங்கள். முந்தின இரவு விட்சிஷூக் மலை விடுதியில் தங்குவது நல்லது. அங்கிருந்து சென்டினல் கார் நிறுத்தம் வரை சாலை கரடுமுரடு. பக்கி (பிக்கப் வண்டி) இல்லாதவர்கள் விடுதியின் வண்டியை விசாரித்துப் பதிவு செய்துகொள்ளலாம். நடை ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் தொடங்கி 3,000 மீட்டரைத் தொடும். டர்பனில் கடல் மட்டத்தில் வாழும் நமக்கு மூச்சு வாங்கும். அவசரப்படாதீர்கள்.

கடைசியில் சங்கிலி ஏணிகள். பாறையில் இரும்பு ஏணியை மேலிருந்து தொங்க விட்டிருப்பார்கள். காலை வைத்ததும் லேசாக ஆடி, பாறையில் இடித்து ஓசை கொடுக்கும். விடியலில் கம்பி பிடித்தால் விரல் மரத்துப் போகும், கையுறை வேண்டும். முகம் பாறையைப் பார்க்கட்டும். இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் முழுக்க ஏறிய பிறகே அடுத்தவர் காலை வைக்கலாம். இடிச் சத்தம் கேட்டால் அந்த இரும்பைத் தொடவே கூடாது. உச்சியில் தடுப்பு வேலி எதுவும் கிடையாது. காற்று வேறு தள்ளும். படம் எடுக்க விளிம்புக்குப் போகாமல் தள்ளியே நில்லுங்கள். சின்னப் பிள்ளைகளை இந்த வழியில் கூட்டிப் போக வேண்டாம்.

திரும்பும் வழியில்

வீடு திரும்பும்போது பகல் மிச்சமிருந்தால் ஹோவிக்கில் வண்டியைத் திருப்புங்கள். N3 சாலைக்குப் பக்கத்திலேயே, ஊருக்கு நடுவில், உம்கேனி ஆறு 95 மீட்டர் விழுகிறது. காரை விட்டு இறங்கிச் சில அடி நடந்தால் போதும், பார்க்கும் மேடை வந்துவிடும். பள்ளத்தாக்கு நடைக்கு வர முடியாமல் முகாமிலேயே இருந்தவர்களை இங்கே கைபிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப் போங்கள்.