பேச்சு வராத பிள்ளையோடு வடசென்னைக்குக் குடி வருகிறவர்களுக்கு

ஷார்ஜாவில் என் கணவருக்கு வேலை போய் நாங்கள் தண்டையார்பேட்டைக்கு வந்து இறங்கியபோது என் மகனுக்கு மூன்றரை வயது. டி.வி. விளம்பரம் ஒன்றை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை ராகத்தோடு சொல்வான், ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பான், அவ்வளவுதான். தெருவில் எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். "இவங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தாரு, இதுக்குப் போய்க் கவலைப்படுறியே", "நாக்குல வசம்பு தேய்ம்மா", "தர்காவுல ஒரு தடவை மந்திரிச்சிட்டு வா". கேட்க ஆறுதலாக இருந்தது, நானும் காத்திருந்தேன், ஒன்பது மாதம் போய்விட்டது. அந்த ஒன்பது மாதம் உங்கள் வீட்டிலும் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், மலேசியாவிலிருந்து வந்தவர்கள், திருநெல்வேலிப் பக்கமிருந்து துறைமுக வேலைக்காக வந்தவர்கள், யாராக இருந்தாலும் இங்கே நிலைமை ஒன்றுதான்.

கோயிலுக்குப் போங்கள், தர்காவுக்கும் போங்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே வாரத்தில் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை, எதையும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இரண்டு வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல்லும் வராத பிள்ளை, பேசிக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்திவிட்ட பிள்ளை, இவர்களுக்குக் காத்திருப்பது மருந்தில்லை. ஆட்டிசமா (மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி இருக்கிற வளர்ச்சிக் குறைபாடு), வெறும் பேச்சுத் தாமதமா, வேறு ஏதாவதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். என்ன குறை என்று முடிவாகும் வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடவும் தேவையில்லை, இரண்டும் ஒன்றாகவே நடக்கலாம்.

முதலில் காது. இது ரொம்பப் பேர் தாண்டிப் போகிற படி. பிள்ளை பாட்டுச் சத்தத்துக்கு ஆடுகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று நாமே முடிவு கட்டக்கூடாது, சில சத்தம் கேட்டு சில சத்தம் கேட்காமல் இருக்கலாம். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கிற ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு, காது மூக்கு தொண்டைப் பிரிவு இரண்டுமே உண்டு, அங்கிருந்து தொடங்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு பெரா என்று ஒரு சோதனை எழுதுவார்கள், தலையில் சின்னச் சின்ன ஒயர் ஒட்டி, பிள்ளை தூங்கும்போது எடுப்பது. அன்றைக்கு அதிகாலையிலேயே எழுப்பிவிடுங்கள், ஆட்டோவில் தூங்க விடாதீர்கள். என் மகன் போகிற வழியில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு அங்கே போய் அரை நாள் ஆட்டம் போட்டான், இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். கேட்கும் திறனில் பெரிய குறை என்று தெரிந்தால் ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது காதுக்குள் கேட்கும் கருவி பொருத்துகிற ஆபரேஷன், செய்ய வழி இருக்கிறது. அந்த வயது வரம்பை நினைத்துப் பாருங்கள், காத்திருக்காதீர்கள் என்று நான் இவ்வளவு சொல்வது ஏன் என்று புரியும்.

அடுத்தது, ஆட்டிசமா வேறு ஏதாவதா என்று பார்த்துச் சொல்ல எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ஆட்களுக்கு இப்போது இது பழைய கஷ்டம் இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது, சென்ட்ரலில் இறங்கி அங்கேயே பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். பஸ் ஹாரனுக்கும் லாரி சத்தத்துக்கும் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற பிள்ளைக்கு ஏ.சி. மெட்ரோ பெரிய நிம்மதி, டிக்கெட் காசைப் பார்க்காதீர்கள். ஓ.பி. வரிசைக்கு முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் பிள்ளையோடு வெளியே மரத்தடியில் இருக்கட்டும், டோக்கன் நெருங்கும்போது போன் போட்டால் போதும். வெளிநாட்டில் எடுத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், அரபியில் இருந்தால் ஆங்கிலப் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வாருங்கள். பிள்ளை வீட்டில் செய்கிறதை போனில் ஒன்றிரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டர் முன்னால் அவன் வேறு ஆளாக இருப்பான்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுப்பதற்குப் பல பேர் தயங்குகிறார்கள். "பேப்பர்ல எழுதிட்டா நாளைக்குக் கல்யாணம் ஆகுமா" என்று கேட்ட சொந்தக்காரர் எனக்கும் உண்டு. எடுங்கள். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிற 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று, பேச்சு மொழிக் குறைபாடு ஒன்று. ஆட்டிசத்துக்கு ஐசா என்கிற 40 கேள்வி கொண்ட இந்திய அளவுகோலை வைத்துப் பார்த்து சதவீதம் போடுவார்கள், 40 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன்னால் பிள்ளையின் ஆதாரில் முகவரியை மாற்றிவிடுங்கள். இதில் நம் பக்கத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. திருவொற்றியூர், மணலி, மாதவரம், எண்ணூர் எல்லாம் 2018-லிருந்து சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டன, ஆனால் எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு, மீஞ்சூரில் வீடு எடுத்தால் அது திருவள்ளூர் மாவட்டம், அலுவலகம் வேறு. வீட்டு வாடகை கம்மி என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போங்கள். காலாவதித் தேதி போட்ட சான்றிதழ் தந்தால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அப்புறம் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தருகிற நிராமயா மருத்துவக் காப்பீடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தெரபிக்கு வருவோம். உண்மையைச் சொல்கிறேன், பேர் தெரிந்த மையங்களில் பெரும்பாலானவை ஊரின் தென்பக்கம்தான். கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், இன்னும் தள்ளி முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம். முட்டுக்காட்டுக்கு ஒரு தடவை போய் முழுசாகப் பார்த்து வழி கேட்டு வருவது நல்லது, வாரம் மூன்று நாள் எண்ணூரிலிருந்து அங்கே போய் வர முடியாது. நான் நான்கு மாதம் தெற்கே ஒரு மையத்துக்கு அலைந்தேன். முக்கால் மணி நேர வகுப்புக்கு ஐந்து மணி நேரம் ரோட்டில் போச்சு, வகுப்பு தொடங்கும்போதே பிள்ளை களைத்துக் கிடப்பான். அப்புறம் பெரம்பூர் பக்கம் வாரம் இரண்டு நாள் என்று மாற்றிக்கொண்டோம், மிச்ச நாள் நானே வீட்டில் செய்தேன். அதில்தான் அவன் முன்னேறினான். அதனால் தெரபிஸ்டிடம் முதல் நாளே கேளுங்கள், நான் உள்ளே உட்காரலாமா, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவீர்களா என்று. கதவைச் சாத்திக்கொண்டு "நீங்க வெளியில இருங்க" என்று மட்டும் சொல்கிற இடம் வேண்டாம். ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவர்) இருவருக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

ஆட்டிசத்தை முழுசாகக் குணமாக்குகிறோம் என்று சொல்பவர்களிடம் நகையை அடகு வைக்காதீர்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, இன்னும் அதற்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்.

வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், அதுவும் இங்கிலீஷ்தான் பேசுங்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். எனக்கும் ஒரு பள்ளியில் சொன்னார்கள். நானும் "கம் சன், ஈட்" என்று தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டு திரிந்தேன், மாமியார் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார், பாவம், அவருக்குத் தெரிந்தது தமிழ்தானே. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு கெடாது, ஆராய்ச்சிகள் அதைத்தான் சொல்கின்றன. தெலுங்கு வீடானால் தெலுங்கு, உருது வீடானால் உருது. பிள்ளையைக் கொஞ்சும்போது உங்களுக்கு இயல்பாக வருகிற மொழியில் பேசுங்கள்.

பேச்சு வரும்வரை பிள்ளை சொல்ல நினைப்பது காத்திருக்குமா? வயிறு வலித்தால் இன்றைக்கே சொல்ல வேண்டும். அதற்குத்தான் பட அட்டை. எங்கள் வீட்டு எவர்சில்வர் சொம்பு, அவன் செருப்பு, பாட்டி, கக்கூஸ் கதவு, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து கயிற்றில் கோத்தேன். முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது "வேணும்" மட்டுமில்லை, "வேணாம்", "போதும்" இரண்டும்தான். சிவப்பு அட்டையில் ஒரு கை படம். அதைக் காட்டினால் நாங்கள் நிறுத்திவிடுவோம் என்று அவனுக்கு நம்பிக்கை வந்தபிறகு தன் கையைக் கடித்துக்கொள்வது பாதிக்குப் பாதி குறைந்தது. அட்டை காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்பார்கள். அப்படி இல்லை, பல பிள்ளைகளுக்கு அதுவே பேச்சுக்கு வழி விடுகிறது. டேப்லெட் வாங்க முடிந்தவர்களுக்கு ஆவாஸ் என்கிற செயலி இருக்கிறது, நம் சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும். ஆனால் காகித அட்டையையும் விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் இல்லாமல் தண்ணீருக்கு நடுவில் கிடந்த நாட்களில் எந்த சார்ஜும் இல்லை, அந்தக் கயிற்றுக் கட்டுதான் கைகொடுத்தது.

பள்ளி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ நீங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. எங்களை ஒரு தனியார் பள்ளி மூன்றாம் மாதமே டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னது, வாய்மொழியாக. எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியவில்லை. நீங்கள் கேளுங்கள். இப்போது மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறான், அரசு கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்க்கிறார், தினமும் இல்லை, ஆனாலும் வருகிறார்.

இந்தப் பகுதியின் சத்தத்துக்குத் தயாராக வாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ராத்திரியும் ஓடும், ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றி ஸ்பீக்கர் கட்டுவார்கள், சாவு ஊர்வலத்தில் மேளமும் பட்டாசும் திடீரென்று வெடிக்கும். சத்தம் குறைக்கிற ஹெட்போன் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும், வீடு பார்க்கும்போது மெயின் ரோட்டை ஒட்டி வேண்டாம், ஒரு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள்.

சத்தத்தைவிட எனக்குப் பயம் கதவுதான். இந்தப் பிள்ளைகளில் பலர் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள், தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை, நமக்கோ ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தண்டவாளம். மேல்தாழ்ப்பாள் போடுங்கள், கழுத்தில் அல்லது இடுப்பில் போன் நம்பர் எழுதிய அட்டை கட்டுங்கள், காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், அவசர உதவி எண் 112-க்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடுங்கள். அதைவிட முக்கியம், வந்த முதல் வாரமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெரு முழுக்க நடந்து மளிகைக்கடை, இஸ்திரி வண்டி, ஆட்டோ ஸ்டாண்ட், வாசலில் உட்கார்ந்து மீன் கழுவுகிற அக்காக்கள், எல்லாரிடமும் சொல்லுங்கள், இவன் பேசமாட்டான், தனியாகப் பார்த்தால் பிடித்து நிறுத்தி எனக்குப் போன் பண்ணுங்கள் என்று. நான் வெட்கப்பட்டு ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன மூன்றாம் மாதம், கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தவனை ஓர் ஆட்டோக்கார அண்ணன் வண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்.

இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. சாயங்காலம் அட்டைக் கட்டோடு கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் படத்தைக் காட்டுவான், கடைக்காரர் "எத்தனை?" என்று விரலைக் காட்டிக் கேட்பார், இவன் இரண்டு விரல் காட்டுவான். போன மாதம் விரலோடு சேர்த்து "ரெண்டு" என்றும் சொன்னான் என்று அவரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.