சருகில் கிடைத்த எறும்பு புதிய இனமா? விபரிப்பு எழுதும் வழி

முதலில் அனுமதி. கல்லோயா, லகுகல, குமண தேசியப் பூங்காக்களுக்குள் ஒரு எறும்பை எடுப்பதென்றாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஒதுக்கக் காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் போக வேண்டும். அனுமதி இலக்கத்தை, உங்கள் விபரிப்பை வெளியிடும் ஆய்வுச் சஞ்சிகைகள் கேட்கும். மாதிரிகளை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்ப நினைத்தால் அதற்குத் தனி அனுமதி. இதை முடிக்காமல் அரிதட்டைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள்.

நான் அக்கரைப்பற்றில் இருக்கிறேன். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் பூச்சிகளை ஊசியில் ஏற்றிச் சீட்டு எழுதுவது என் வேலை. விலங்கியல் பிள்ளைகள் அடிக்கடி ஒரு போத்தலோடு வந்து நிற்பார்கள்: "மிஸ், இது எந்தச் சுட்டியிலயும் வருதில்ல. புதுசுதானே?" சுட்டி என்றால் உடல் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்தின் பெயருக்குக் கொண்டுபோகும் அட்டவணை. பெரும்பாலும் புதுசு இல்லை. ஆனால் சில நேரம் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கிற வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

சேகரிப்பில் காலம் முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாலையும் வீரையும் முதிரையும் உதிர்த்த சருகு பப்படம்போல் நொறுங்கிக் கிடக்கும். எறும்புகள் மண்ணுக்குள் இறங்கிவிடும். மாரியின் உச்சத்தில் சருகு சொதசொதவென்று அரிதட்டில் ஒட்டிக்கொள்ளும். மழை விழுந்து ஓரிரு நாள் வெயில் பட்ட சருகுதான் நல்லது. ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே கிடக்கும் சருகையும் உக்கலையும் மண் வரை வழித்து, 1 சென்ரிமீற்றர் கண்ணுள்ள வலையில் உலுக்கிச் சலியுங்கள். பல நாடுகளிலும் பின்பற்றும் ஒழுங்கு இது: 200 மீற்றர் நேர்கோடு, 10 மீற்றருக்கு ஒரு சதுரம், மொத்தம் 20 சதுரங்கள். ஒரே ஒழுங்கில் எடுத்தால்தான் உங்கள் காட்டை இன்னொரு காட்டோடு ஒப்பிடலாம். காட்டில் கூடவரும் வழிகாட்டி சிரிப்பார். "எறும்பா தங்கச்சி வேணும்? எங்கட குசினிக்கு வாங்க, சும்மாவே அள்ளித் தாறன்" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். சிரிக்கட்டும். யானை நிற்கிற பக்கத்தை அவர்தான் காட்டுவார். அவர் "போவம்" என்றால் சதுரம் பாதியில் நின்றாலும் கிளம்பிவிட வேண்டும்.

சலித்ததை விங்க்ளர் பையில் தொங்கவிடுங்கள். உள்ளே வலைப்பை, வெளியே துணிப்பை, அடியில் எதனோல் கிண்ணம், அவ்வளவுதான். சருகு காயக் காய உள்ளே இருப்பவை அங்குமிங்கும் ஓடிக் கீழே விழும். வழக்கமாக 48 மணித்தியாலம் விடுவார்கள். மின்குமிழ் தேவையில்லை, ஆகவே கரண்ட் போனாலும் கவலையில்லை. ஊர்த் தையல்காரரிடம் படம் காட்டினால் தைத்துத் தருவார். மரபணு பார்க்கும் எண்ணமிருந்தால் 95 வீத எதனோல் வையுங்கள். போத்தலுக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா மை எதனோலில் கரைந்து, எந்தக் காட்டு எறும்பு என்றே தெரியாமல் போய்விடும். இடம், அகலக்கோடு, நெடுங்கோடு, உயரம், காட்டின் வகை, எடுத்த முறை, திகதி, எடுத்தவர் பெயர் எல்லாம் வேண்டும்.

அப்புறம் ஊசி. எறும்பின் உடலில் நேரே குத்தக் கூடாது. சிறு முக்கோண அட்டையின் நுனியில் நீரில் கரையும் பசையைத் துளியளவு வைத்து, நடுக்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையில் அடிப்பக்கத்தை ஒட்ட வேண்டும். பசை முகத்திலோ இடுப்பிலோ ஏறினால் பார்க்க வேண்டிய இடமெல்லாம் மறைந்துபோகும். அட்டைதான் ஊசியில் ஏறும்.

இனித்தான் உண்மையான வேலை. முதலில் சாதியை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியை (genus), பிடியுங்கள். இடுப்பில் ஒரு கணுவா இரண்டா, உணர்கொம்பில் எத்தனை துண்டங்கள், தாடை எப்படி என்று பார்த்தாலே பாதி வழி வந்துவிடும். இடுப்பில் இரண்டு கணு, இதய வடிவத் தலை, இடுப்பைச் சுற்றிப் பஞ்சுபோன்ற திசு, உணர்கொம்பில் 4 முதல் 6 துண்டங்கள் என்றால் அது ஸ்ட்ரூமிஜெனிஸ். சருகுக்குள் வாலுந்திப் பூச்சி பிடித்துத் தின்னும் குட்டி வேட்டைக்காரர்.

சாதி தெரிந்ததும், அந்தச் சாதியில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பெயரிட்ட ஒவ்வொரு இனத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆன்ட்கேட் தளத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, ஆன்ட்வெப்பில் படங்கள் இருக்கின்றன. பிங்காம் 1903ல் இந்தியா, இலங்கை, பர்மா எறும்புகளை ஒரே தொகுதியில் எழுதினார். இன்றைக்கும் அதைப் புரட்டாமல் முடியாது. பழைய விபரிப்புகள் பல நாலைந்து வரிதான், அதுவும் லத்தீனிலோ ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ. அந்த வரிகளை மட்டும் நம்பி "ஒத்துவரவில்லை" என்று முடிவெடுப்பது ஆபத்து. பெயரிட்டவர் அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்த மூல மாதிரியைப் பார்க்க வேண்டும். பழைய எறும்பு நிபுணர்களில் எமரியின் எறும்புகள் ஜெனோவா நூதனசாலையில், ஃபோரலுடையவை ஜெனீவாவில், மாயருடையவை வியன்னாவில். போக முடியாவிட்டால் படமாவது கேட்டு எழுதுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் மூன்று "புதுசு"களைச் சொல்ல வேண்டும். ஒன்று, வெளிர் மஞ்சள் எறும்பு. கூட்டுப்புழுவிலிருந்து இப்போதுதான் வெளிவந்த வேலைக்காரி எந்த இனத்திலும் வெளிறித்தான் இருக்கும். எதனோலில் நெடுநாள் கிடந்ததும் நிறம் மங்கும். நிறத்தை மட்டும் வைத்துப் புதிய இனம் எழுதாதீர்கள். இரண்டு, பெருந்தலைக்காரி. ஃபெய்டோல் சாதியில் ஒரே கூட்டில் சின்ன வேலைக்காரிகளும் பெரிய தலை கொண்டவர்களும் இருப்பார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு இனம் என்றே தோன்றும். கரெபாரா சாதியில் அந்த வித்தியாசம் இன்னும் மோசம். மூன்று, தனியே அகப்பட்ட சிறகு முளைத்த ஆண். வேலைக்காரி இல்லாமல் ஆணை வைத்துப் பெயரிட்டால், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்களைத் திட்டுவார். முடிந்தால் கூட்டையே தேடிப்போய் ஒரே கூட்டிலிருந்து எல்லா வடிவங்களையும் எடுங்கள்.

எல்லாம் பார்த்தும் பொருந்தவில்லையா? சரி, எழுதலாம். அளவுகள் மில்லிமீற்றரில், இரண்டு தசம இடங்களுக்கு. தலை நீளம், தலை அகலம், உணர்கொம்பின் முதல் துண்ட நீளம், கண் நீளம், பக்கவாட்டில் நெஞ்சுப் பகுதியின் நீளம். தலை அகலத்தைக் கண்களோடு சேர்த்து எடுத்தீர்களா, சேர்க்காமலா என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் தலைச் சுட்டெண், 0.45 அகலமும் 0.50 நீளமும் என்றால் 90. பல மாதிரிகளை அளந்து வீச்சைக் கொடுங்கள். படங்கள் மூன்று: முகம் நேரே, பக்கவாட்டில், மேலிருந்து. அளவுக்கோடு இல்லாத படம் பிரயோசனமில்லை.

என்னைக் கேட்டால், நீண்ட விபரிப்பைவிட வேறுபாட்டுக் குறிப்புத்தான் கட்டுரையின் உயிர். உங்கள் காட்டைக் கண்ணாலும் காணாத ஒருவர் அந்தப் பந்தியை மட்டும் வாசித்து, அருகிலுள்ள இனத்திலிருந்து இதைப் பிரிக்க முடிய வேண்டும். "முதுகு முள் நீளமானது" போதாது. எதைவிட நீளம்? எந்த இனத்தில் எப்படி, இதில் எப்படி? இருக்கிற சுட்டியில் உங்கள் இனம் எந்த இடத்தில் நுழையும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

பெயரிடலுக்குச் சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு இருக்கிறது. நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி இது புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதிரியை ஹோலோடைப் (அந்தப் பெயரைத் தாங்கும் ஒரே மூல மாதிரி) என்று குறிக்க வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். ஒரே ஊசியில் இரண்டு மூன்று எறும்புகள் இருந்தால் ஹோலோடைப் மேலே உள்ளதா கீழே உள்ளதா என்று எழுதுங்கள். தனி ஊசி இன்னும் நல்லது. மரபணுவுக்குக் கால் கழற்றுவதென்றால் பாராடைப்பில் (ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிக்கும் மற்ற மாதிரிகளில்) கழற்றுங்கள். இணையச் சஞ்சிகையில் மட்டும் வருவதென்றால் சூபாங்க் (ZooBank) என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் அவசியம். ஃபேஸ்புக்கில் போட்ட பெயரும் மாநாட்டுச் சுருக்கத்தில் வந்த பெயரும் கணக்கில் வராது.

இடத்தின் பெயரை வைத்தால் சாதியின் பாலைப் பாருங்கள். ஃபெய்டோல் பெண்பால், ஆகவே முடிவு "என்சிஸ்". டெட்ராமோரியம் அலிப்பால், அதனால் "என்சே". ஆளின் பெயர் என்றால் ஆணுக்கு "இ", பெண்ணுக்கு "ஏ" என்ற ஈறு. எமரி 1893ல் விபரித்த, இலங்கையில் மட்டுமே வாழும் அனியூரீட்டஸ் சைமோனி அப்படி வந்ததுதான். அதைச் சேகரித்தவர் சைமன். சொந்தப் பெயரை வைத்துக்கொள்வது அழகில்லை.

ஹோலோடைப்பை உங்கள் துறையின் அலுமாரியில் வைக்காதீர்கள். கறையானும் ஈரமும் தின்றுவிடும். கொழும்பு தேசிய நூதனசாலைபோல நிரந்தரமான இடத்துக்குக் கொடுங்கள். தபாலில் போடாமல் கையிலேயே கொண்டுபோங்கள். பெட்டிக்குள் ஒவ்வொரு ஊசிக்கும் இரு பக்கமும் வெற்று ஊசி குத்தி அணை கொடுங்கள். ஒன்று கழன்றால் உருண்டு மற்றதன் தலையைக் கொய்துவிடும். பஸ்ஸில் பெட்டி மடியில்தான், மேல்தட்டில் அல்ல. அங்கே தரும் பதிவிலக்கத்தை வாங்கி, கட்டுரையின் இறுதிப் படி அச்சுக்குப் போகுமுன் ஹோலோடைப் வரியில் சேர்த்துவிடுங்கள்.