கல்மரத்தைப் பாலைவனம் செய்யவில்லை

டிசம்பர் விடுமுறைக்கு டெல்லியிலிருந்து ஜெய்சால்மர் போகும் நம்மவர்கள் பலர் கோட்டை, மணல்மேடு, ஒட்டகச் சவாரி என்று முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். ஊரிலிருந்து 17 கிலோமீட்டரில், பார்மர் சாலையில், கல்லாக மாறிய பழங்கால மரங்கள் கிடக்கும் ஆகல் கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே போகிறவர்களும் சில தப்புக் கணக்குகளோடுதான் போகிறார்கள்.

முதல் தப்பு, வெயிலில் காய்ந்து காய்ந்து மரம் கல்லாகிவிட்டது என்று நினைப்பது. வெட்டவெளியில் விழுந்த மரத்தைப் பூஞ்சையும் பூச்சியும் சும்மா விடாது. ஆகல் மரங்கள் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில் நின்றவை. அன்று அங்கே வெப்பமும் ஈரமுமான காடு. விழுந்த மரங்கள் சீக்கிரமே மணலிலும் சேற்றிலும் புதைந்தன. காற்று புகாததால் முழுதாக மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமப் பொருள்) மரத்தின் செல்களுக்குள் ஊறிப் படிந்து குவார்ட்ஸ் என்ற கடினமான படிகமாக இறுகியது. மரப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோக, அந்த இடத்தையும் சிலிக்காவே பிடித்துக்கொண்டது. அதனால்தான் நல்ல துண்டைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் செல் சுவர்கள்கூடத் தெரியும். ஆக, வேலையைச் செய்தது தண்ணீர். மூடியிருந்த படிவுகள் அரித்துப்போனபின் செடிகொடி மறைக்காத நிலத்தில் அவை கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால் ஊருக்குப் போகும்போது திண்டிவனத்தில் இறங்கித் திருவக்கரையைப் பாருங்கள். பாலைவனத்தின் சாயலே கிடையாது. ஆனால் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்கள் கிடக்கின்றன. அவை நின்ற இடத்திலேயே கல்லானவை என்பது அடுத்த தப்பு. கிளையும் வேரும் இல்லாமல் படுத்திருப்பதைப் பார்த்தாலே வெள்ளம் அடித்துவந்தது புரியும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் ரம்பத்தால் அறுத்ததுபோல் துண்டு துண்டாகக் கிடக்கும் தடிகளின் படங்களைக் காட்டி, ‘யாரோ வெட்டியிருக்கிறார்கள்’ என்பார்கள். குவார்ட்ஸ் வளையாது, நிலம் அசைந்தால் குறுக்கே பட்டென்று உடையும். அந்தத் தடிகளின் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் இரும்பின் கைவரிசை.

அப்புறம், கார்பன் சோதனையில் வயது சொன்னார்கள் என்ற பேச்சு. அந்தச் சோதனை சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டாது. கல்மரத்தின் வயதைச் சொல்வது அது கிடந்த பாறை அடுக்கு.

கடைசியாக, ‘ஒரு சின்னத் துண்டுதானே’ என்று பையில் போடாதீர்கள். ஆகலில் தகரக் கூரையும் கம்பிவலையும் போட்டுத் தடிகளை அடைத்துவைத்திருப்பது வெயிலுக்காக மட்டுமல்ல.